கூரை திறக்கும் கார்கள் ஏன் குறைந்துபோயின?

நூறு வருடங்களுக்கு முன்பு சாலையில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை திறந்த கார்கள்தான். இன்றைக்கு அமெரிக்காவில் விற்கிற புதுக் கார்களில் நூற்றுக்கு ஒன்றுகூட கன்வர்ட்டிபிள் தேறாது. ஐரோப்பாவிலும் ஒவ்வொரு கம்பெனியாக அதைக் கைவிட்டுக்கொண்டே வருகிறது. ஜனங்களுக்குத் திறந்த காரில் போகும் ஆசை விட்டுப்போய்விட்டது என்று இதற்குச் சுலபமாகக் காரணம் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஜெர்மனியில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கன்வர்ட்டிபிள்கள் பதிவில் இருக்கின்றன. வைத்திருப்பவர்கள் பழசானாலும் விடாமல் பராமரித்து ஓட்டுகிறார்கள். ஆசை இருக்கிறது. எந்த வகைக் காரிலிருந்து கன்வர்ட்டிபிளைச் செய்தார்களோ, அந்த வகைக் கார் சந்தையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. பாதிப் பிரச்சினை அங்கேதான்.

இது புரிய வேண்டுமானால் கன்வர்ட்டிபிள் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் எது கன்வர்ட்டிபிள் என்று தெளிவாக்கிக்கொள்வோம். ஓட்டுபவரின் தலைக்கு மேல் இருக்கும் கூரை முழுவதும் மடங்கி மறைய வேண்டும், வேண்டும்போது திரும்பி வந்து மூட வேண்டும். அதுதான் கன்வர்ட்டிபிள். கூரை துணியாகவும் இருக்கலாம், உலோகத் தகடுகளாகவும் இருக்கலாம். இரண்டே சீட்டுடன், ஆரம்பத்திலிருந்தே திறந்த காராக வரைந்து செய்த சின்ன வண்டிகளை ரோட்ஸ்டர் என்பார்கள். சன்ரூஃப் உள்ள கார் இந்தக் கணக்கில் வராது. அதில் கூரையின் நடுவில் ஒரு ஜன்னல் திறக்கிறது, அவ்வளவுதான். கூரையைத் தாங்கும் தூண்களும் ஓரச் சட்டங்களும் அப்படியே இருக்கும்.

அந்தத் தூண்களும் சட்டங்களும்தான் விஷயமே. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு சேஸிஸ் என்று அடியில் தனியாக ஒரு இரும்புச் சட்டம் கிடையாது. தரை, பக்கங்கள், தூண்கள், கூரை எல்லாம் சேர்த்துப் பற்றவைத்த ஒரே கூடுதான் காரின் மொத்த பாரத்தையும் தாங்குகிறது. மூடியை நன்றாக ஒட்டிய ஓர் அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், அசையாது. மூடியைக் கிழித்துவிட்டு முறுக்கினால் கையோடு வளைந்து வரும். கூரையை வெட்டிய காருக்கும் அதே கதிதான். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பாடி முறுக்கிக்கொள்ளும். டேஷ்போர்டு நடுங்கும், முன் கண்ணாடிச் சட்டம் ஆடும், கதவு இடுக்குகளில் கிறீச்சென்று சத்தம் வரும். பழைய கன்வர்ட்டிபிளில் போனவர்களுக்கு இந்த நடுக்கம் நன்றாகத் தெரியும்.

இதைச் சரிசெய்ய, கூரையில் இழந்த பலத்தைக் கீழே கொடுக்கிறார்கள். கதவுக்கு அடியில் ஓடும் சட்டத்தைத் தடிமனாக்குகிறார்கள். தரைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புத் தாங்கிகள் போடுகிறார்கள். கார் கவிழ்ந்தால் தலைக்கு மேல் தாங்குவதற்கு முன் கண்ணாடியின் இரு பக்கத் தூண்களையும் மிக வலுவான எஃகில் செய்கிறார்கள். அப்புறம் கூரையை மடக்கும் பம்ப், சிலிண்டர்கள், மோட்டார்கள். எல்லாம் சேரும்போது, கூரையை எடுத்த கார் கூரை உள்ள காரைவிட 100 முதல் 250 கிலோ வரை கனமாகிவிடுகிறது. 2016-இல் வந்த ரேஞ்ச் ரோவர் இவோக் கன்வர்ட்டிபிள் 1,900 கிலோவைத் தாண்டியது. கனம் கூடினால் வேகம் எடுப்பதும் மந்தமாகும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

கூரை மடங்குவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் செலவு எங்கே போகிறது என்று விளங்கிவிடும். பட்டனை அழுத்தியதும் முதலில் நான்கு கண்ணாடிகளும் கொஞ்சம் கீழே இறங்கும். முன் கண்ணாடிச் சட்டத்தோடு கூரையைப் பிடித்திருக்கும் கொக்கிகள் விடும். சீட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் நீண்ட மூடி மேலே எழும். துணிக் கூரை தன் எலும்புகளோடு மடிந்து, பின்னால் சரிந்து, அந்தக் குழிக்குள் இறங்கும். அதன்மேல் மூடி வந்து உட்காரும். பத்திலிருந்து இருபது வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு படியும் முடிந்ததா என்று ஒரு சென்சார் சொன்னால்தான் அடுத்த படி தொடங்கும். டிக்கிக்குள் கூரைக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஒரு பை இடித்துக்கொண்டிருந்தால் கூரை அசையாது. சென்சார்களில் ஒன்று கெட்டாலும் அப்படித்தான், சில நேரம் பாதி வழியில் நின்றுவிடும். இந்த வேலைக்கெல்லாம் பாகங்கள் வேண்டும், அவற்றைச் சோதிக்க ஆள் வேண்டும், உத்தரவாதக் காலத்தில் பழுது பார்க்கப் பணம் ஒதுக்க வேண்டும். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் துணிக் கூரையைச் சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் இழுத்து மூடிவிடலாம், மோட்டாரே கிடையாது. எனக்குத் தெரிந்து இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த மிக அழகான விடை அதுதான்.

காற்று விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திறந்த காரில் போகிறவர்களின் முடி பின்னால் பறக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் அது முகத்தில்தான் வந்து விழும். முன் கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டிய காற்று சீட்டுகளுக்குப் பின்னால் இறங்கி, அங்கிருந்து சுழன்று முன்பக்கமாகத் திரும்புகிறது. அதைத் தடுக்கத்தான் சீட்டுகளுக்குப் பின்னால் வலை போன்ற ஒரு தடுப்பு வைக்கிறார்கள். 2004-இல் வந்த மெர்சிடஸ் எஸ்எல்கே காரில் தலை சாயும் இடத்துக்குக் கீழிருந்து கழுத்துக்குச் சூடான காற்று ஊதும் வசதியும் வந்தது. இவ்வளவு செய்தும் நெடுஞ்சாலை வேகத்தில் சத்தம் சத்தம்தான். பக்கத்துச் சீட்டில் இருப்பவரோடு பேசுவதே சிரமம்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

ஆரம்பத்தில் திறந்த கார்தான் மலிவு. மரச்சட்டம், கண்ணாடி, கூரை எல்லாம் வைத்து மூடிய காரைச் செய்வது விலை உயர்ந்த கைவேலை. அமெரிக்காவில் 1919 வாக்கில் பத்தில் ஒன்பது கார் திறந்த கார். பத்தே வருடத்தில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிட்டது. ஹட்சன் கம்பெனி 1922-இல் எசெக்ஸ் என்ற பெயரில் மூடிய காரைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது முக்கியமான திருப்பம். சில வருடங்களில் அந்த மூடிய கார், அதே கம்பெனியின் திறந்த காரைவிட விலை குறைந்துவிட்டது. மழையிலும் குளிரிலும் தூசியிலும் நனைந்து, நடுங்கி, முகம் துடைத்துப் பயணம் செய்தவர்கள் கையில் மலிவாக ஒரு கூரை கிடைத்தால் விடுவார்களா? காற்று வாங்கும் வண்டியாக மக்கள் அதுவரை திறந்த காரை வாங்கவில்லை. கையிலிருந்த காசுக்கு அதுதான் கிடைத்தது. 1930களுக்குப் பிறகு திறந்த கார் என்பது விரும்பி, கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் பொருளாக மாறியது. இன்று வரை அப்படித்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் இந்தச் சந்தை நன்றாக வளர்ந்தது. 1960களின் நடுவில் உச்சத்துக்குப் போனபோது வருடத்துக்கு ஏறத்தாழ 5 லட்சம் கன்வர்ட்டிபிள்கள் விற்றன. அந்தக் காலத்துப் பெரிய அமெரிக்கக் கார்கள் பலவற்றுக்கும் அடியில் தனி சேஸிஸ் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பாரத்தை அது தாங்கியதால் மேலே கூரையை எடுத்தாலும் பெரிய பாதகமில்லை. அதிலும் ஒவ்வொரு கம்பெனியிடமும் இரண்டு கதவு கூபே கார்கள் ஏராளமாக இருந்தன. அதில் ஒன்றை எடுத்துக் கூரையை மாற்றினால் போதும், புது மாடல் தயார்.

அந்த உச்சத்திலிருந்து விழுந்த வேகம்தான் ஆச்சரியம். 1976-இல் கேடிலாக் எல்டொராடோ ‘கடைசி அமெரிக்க கன்வர்ட்டிபிள்’ என்ற விளம்பரத்தோடு விடைபெற்றது. கடைசியாகச் செய்த 200 கார்களை ஒரே மாதிரி வெள்ளை நிறத்தில் கொடுத்தார்கள். சேர்த்துவைத்தால் விலை ஏறும் என்று போட்டிபோட்டு வாங்கினார்கள்.

ஏறத்தாழ பத்து வருடத்தில் இப்படி ஆனதற்குப் பாதுகாப்பு விதிகளைத்தான் பலரும் குற்றம் சொல்வார்கள். அது பாதி உண்மை. கார் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் கூரை காக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி கொண்டுவரப்போகிறது, அதோடு கன்வர்ட்டிபிள் முடிந்தது என்ற பேச்சு 1970களின் தொடக்கத்தில் பலமாக இருந்தது. ஆனால் கூரை வலிமைக்கான விதி வந்தபோது கன்வர்ட்டிபிள்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். சட்டம் அதைத் தடைசெய்யவே இல்லை. விற்பனை அதற்கு முன்பே சரியத் தொடங்கிவிட்டது. காரில் ஏசி பரவலாக வந்துவிட்டது என்பது என் கணக்கில் இன்னும் பெரிய காரணம். வெயில் காலத்தில் கூரையைத் திறந்தால்தான் ஆறுதல் என்றிருந்த நிலை போய், மூடினால்தான் குளிர்ச்சி என்றானது. அதோடு அமெரிக்காவில் 1956 முதல் போடப்பட்ட அகலமான நெடுஞ்சாலைகளில் பயண வேகம் கூடியது. வேகம் கூடக் கூடத் திறந்த காரின் சுகம் குறைகிறது.

ஆறே வருடத்தில் கன்வர்ட்டிபிள் திரும்பி வந்தது. லீ அயகோக்கா தலைமையில் இருந்த கிறைஸ்லர் 1982-இல் லெபாரன் கன்வர்ட்டிபிளை விற்கத் தொடங்கியது, நன்றாகவே போனது. 1984-இல் கேடிலாக்கும் எல்டொராடோ கன்வர்ட்டிபிளை மறுபடி கொண்டுவந்தது. ‘கடைசி’ என்று நம்பி வாங்கியவர்கள் கோபத்தில் வழக்கே போட்டார்கள். 1989-இல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வந்தது. சின்ன, இலேசான, சாதாரண மாதச் சம்பளக்காரரும் யோசித்துப் பார்க்கக்கூடிய ரோட்ஸ்டர். 2016-இல் அது 10 லட்சம் கார்களைத் தொட்டது. கன்வர்ட்டிபிள் ஒழிந்துவிட்டது என்று 1976-இல் எழுதியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

அடுத்து வந்தது உலோகக் கூரை அலை. யோசனை பழசுதான். பெஜோ கம்பெனி 1930களிலேயே, ஜார்ஜ் போலின் என்ற பல் மருத்துவர் வகுத்த முறையில், பின்னால் இறங்கி மறையும் உலோகக் கூரையோடு கார் விற்றது. 1957 முதல் 1959 வரை ஃபோர்டு ஸ்கைலைனர் அதையே பெரிய அளவில் செய்தது. கூரையை நகர்த்த ஏழு மோட்டார்கள், ஏறத்தாழ 186 மீட்டர் ஒயர். மூன்று வருடத்தில் 48,394 கார்களோடு நின்றுபோனது. 1996-இல் மெர்சிடஸ் எஸ்எல்கே இதை நம்பகமாகச் செய்து காட்டியதும் எல்லோரும் பின்தொடர்ந்தார்கள். பெஜோ 206 சிசி, வோல்வோ சி70, ஃபோக்ஸ்வேகன் இயோஸ் என்று வரிசையாக வந்தன. மூடினால் சத்தமில்லாத சாதாரண கார், திறந்தால் கன்வர்ட்டிபிள். இரண்டும் ஒரே விலையில் கிடைத்ததாக வாங்குபவருக்குத் தோன்றியது. ஆனால் தகடுகள் மடிந்து டிக்கிக்குள் போய்விட்டால் ஒரு பெட்டி வைக்கக்கூட இடமிருக்காது. காரின் பின்பக்கமும் தடித்துப்போய் அழகு கெட்டது. இன்று அந்த மூன்றுமே இல்லை.

இனி ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ரோட்ஸ்டர்களை விட்டுவிட்டால், கன்வர்ட்டிபிள் என்பது தனியாகப் பிறக்கும் கார் இல்லை. ஏற்கெனவே நன்றாக விற்கும் ஒரு காரிலிருந்து அதை எடுக்கிறார்கள். அந்தக் காருக்கு இரண்டு கதவு பாடி இருந்தால்தான் வேலை சுலபம். நான்கு கதவு வேண்டுமென்றால் நடுத்தூணின் அடிப்பகுதியாவது நிற்க வேண்டும். கூரை இல்லாமல் அதை உறுதியாக நிறுத்தப் பெரிய பாடு படவேண்டும். 1961 முதல் 1967 வரை லிங்கன் கான்டினென்டல் அப்படி ஒரு நான்கு கதவு கன்வர்ட்டிபிள் செய்தது. அழகான கார்தான், ஆனால் எடை இரண்டு டன்னுக்கு மேல்.

இப்போது எஸ்யூவி காலம். உயரமான, நான்கு கதவு உள்ள, பின்னால் முழுசாகத் திறக்கும் வண்டியைத்தான் குடும்பங்கள் கேட்கின்றன. இரண்டு கதவு கூபேயும் மூன்று கதவு ஹேட்ச்பேக்கும் (பக்கத்தில் இரண்டு, பின்னால் மேலே தூக்கும் கதவு ஒன்று) ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. ஒரு புது பாடி என்றால் தனி அச்சுகள், தனி மோதல் சோதனைகள்; கொஞ்சம் பேர் வாங்கும் காருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அதனால் இரண்டு கதவு போகும்போது கன்வர்ட்டிபிளும் கூடவே போகிறது.

உதாரணங்களைப் பாருங்கள். 2020-இல் வந்த நான்காம் தலைமுறை ஆடி ஏ3-இல் மூன்று கதவு மாடல் கிடையாது, கன்வர்ட்டிபிளும் கிடையாது. எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப்பிலும் இரண்டும் இல்லை. முதல் தலைமுறை இவோக்கில் மூன்று கதவு மாடல் இருந்தது, அதிலிருந்துதான் மேலே சொன்ன கன்வர்ட்டிபிள் வந்தது. இரண்டாம் தலைமுறையில் மூன்று கதவை நிறுத்தினார்கள், கன்வர்ட்டிபிளும் நின்றது. மறுபக்கம் யார் தாக்குப்பிடிக்கிறார்கள்? மினி, ஃபோர்டு மஸ்டாங், பிஎம்டபிள்யூ 4 சீரிஸ். மூன்றிலுமே கூரையோடு கூடிய இரண்டு கதவு கார் இன்னும் விற்கிறது. மெர்சிடஸ் முன்பு சி கிளாஸ், இ கிளாஸ் இரண்டிலும் தனித்தனிக் கன்வர்ட்டிபிள் வைத்திருந்தது. இப்போது கூபேகளைச் சுருக்கி சிஎல்இ என்ற ஒன்றாக்கியதும், இரண்டு கன்வர்ட்டிபிள்களும் ஒன்றாகிவிட்டன. கூபே எங்கே போகிறதோ அங்கேதான் அதுவும் போகிறது.

இந்த ஓட்டத்துக்கு எதிராகப் போனது ஃபோக்ஸ்வேகன் டி-ராக் கேப்ரியோலே. ஐந்து கதவு எஸ்யூவிக்கு 2020-இல் புதிதாக இரண்டு கதவு பாடி செய்து கூரையைத் திறந்தார்கள். அதைச் செய்வது ஜெர்மனியில் ஆஸ்னாப்ரூக் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலை. 1949 முதல் பீட்டில் கன்வர்ட்டிபிளைக் கட்டிய கார்மன் கம்பெனியின் இடம் அது. மற்ற கம்பெனிகளுக்குக் கன்வர்ட்டிபிள் செய்து கொடுப்பதையே பெரிய தொழிலாக வைத்திருந்த கார்மன் 2009-இல் திவாலானது. இடத்தை ஃபோக்ஸ்வேகன் எடுத்துக்கொண்டது. டி-ராக் கேப்ரியோலேவை அங்கே 2027 வரைதான் செய்யத் திட்டம். தலைமுறை தலைமுறையாக அந்தக் கை வேலையைக் கற்ற தொழிலாளர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆசை எங்கே போனது என்று கேட்டால், இரண்டு பக்கமாகப் பிரிந்துவிட்டது. வானம் தெரிந்தால் போதும் என்பவர்களுக்குப் பெரிய கண்ணாடிக் கூரை கிடைக்கிறது. வெளிச்சம் வருகிறது, ஏசி ஓடுகிறது, சட்டங்கள் அப்படியே இருப்பதால் கூடு பலவீனமாவதில்லை. காற்றும் வேண்டும் என்பவர்கள் ஜீப் ரேங்ளர், 2021-இல் மீண்டும் வந்த ஃபோர்டு பிராங்கோ போன்ற வண்டிகளுக்குப் போகிறார்கள். அவற்றில் கூரையைக் கழற்றலாம், கதவையும் கழற்றலாம். அடியில் தனி சேஸிஸ் இருப்பதால் இது முடிகிறது, பழைய அமெரிக்கக் கார்களைப் போலவே. விற்பனைக் கணக்கில் இவை எஸ்யூவி பட்டியலில் சேர்ந்துவிடுவதால், திறந்த கார் விரும்பிகளின் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகத் தெரிகிறது.

மின்சார கார்கள் நிலைமையை மாற்றுமா? ஒரு விதத்தில் உதவும். தரை முழுக்கப் பரவியிருக்கும் பேட்டரிப் பெட்டி கூட்டுக்கு நல்ல உறுதி கொடுக்கிறது. எஞ்சின் சத்தமே இல்லாமல் மெதுவாக மரங்களுக்கு இடையே கூரையைத் திறந்து போவது தனி அனுபவம். ஆனால் அதே பேட்டரி சீட்டை மேலே தூக்கிவிடுவதால் தாழ்வான ரோட்ஸ்டர் வடிவம் கிடைப்பது கஷ்டம். ஏற்கெனவே கனமான காரில் இன்னும் கனம் ஏறுகிறது. கூரை திறந்திருக்கும்போது காற்றின் எதிர்ப்பு கூடி, ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறைகிறது. எம்ஜி சைபர்ஸ்டர் இரண்டு சீட்டு மின்சார ரோட்ஸ்டராக வந்திருக்கிறது. மினி 2023-இல் மின்சார கன்வர்ட்டிபிளை 999 கார்கள் மட்டும் செய்தது. ஃபியட் 500 மின்சார காரில் பக்கச் சட்டங்களை விட்டுவிட்டு நடுவில் துணிக் கூரை சுருண்டு பின்னால் போகிறது. செலவைக் குறைக்க இது புத்திசாலித்தனமான வழி.

புதுசு கிடைப்பது குறைந்துவிட்டதால், இந்தக் கார்மேல் ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பழைய காரைத்தான் வாங்க வேண்டியிருக்கும். அப்படிப் பார்க்கப் போனால் எஞ்சினுக்கு முன்னால் கூரையைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது இரண்டு மூன்று முறை முழுசாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். எங்கேயும் தயங்கக் கூடாது. துணி மடியும் மூலைகளில் நூல் பிரிந்திருக்கிறதா, கண்ணாடிகள் வந்து உட்காரும் ரப்பர் பட்டைகள் காய்ந்து வெடித்திருக்கின்றனவா என்று கையால் தடவிப் பாருங்கள். கூரை மடங்கி உட்காரும் குழியில் மழைநீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, பம்பையும் மின் பெட்டிகளையும் கெடுத்துவிடும். அதனால் சீட்டுக்கு முன்னும் பின்னும் தரைவிரிப்பைத் தூக்கி அடியில் கைவைத்துப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டாலோ, உள்ளே பூஞ்சை வாடை வந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த காரைப் பார்க்கப் போய்விடுங்கள்.